பழைய பேஸ் கிடார்: ஓசைக்கு முன் கழுத்தைப் பாருங்கள்

1961-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆங்கிலேய இளைஞர் ஒருவர் ஏறத்தாழ 30 பவுன் கொடுத்து, ஹாஃப்னர் நிறுவனத்தின் பேஸ் கிடார் ஒன்றை வாங்கினார். அவர்தான் பின்னாளில் 'பீட்டில்ஸ்' குழுவினருள் ஒருவராக உலகப் புகழ் பெற்ற பால் மெக்கார்ட்னி. 1972-இல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து அந்தக் கிடார் களவு போயிற்று. அரை நூற்றாண்டு கழித்து, இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் அது கண்டெடுக்கப்பட்டது. ஹாஃப்னர் நிறுவனம் அதனை ஆராய்ந்து உறுதி செய்ய, 2024-இல் செய்தி வெளியாயிற்று. வாசிப்பதற்குச் சில பழுதுகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆயினும் அதன் மதிப்பைப் பழுதுகளைக் கொண்டு எவரும் அளக்கவில்லை.

நாம் வாங்கும் பழைய கிடாருக்கு இந்தப் பெருமை இல்லை. மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கிய கருவி ஒரே வாரத்தில் சுருதி சேராமல் போனால், பணமும் போயிற்று. இசை கற்கும் ஆவலும் போயிற்று. பளபளப்பையும் ஓசையையும் கண்டு மயங்காமல், கருவியின் உண்மை நிலையை அறிவது எப்படி? சிறிதளவு இயற்பியல் தெரிந்தால் போதும்.

கழுத்து சுமக்கும் பாரம்

பேஸ் கிடாரின் நான்கு கம்பிகளும் சாதாரணக் கிடாரின் தடித்த நான்கு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. சாதாரணக் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. பேஸ் கிடாரில் அது 41 முறை. அதிர்வெண்ணைப் பாதியாக்க, கம்பியின் நீளத்தை இரட்டிக்கலாம். ஆனால் அவ்வளவு நீளத்தைக் கை எட்டாது. எனவே 1951-இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' கிடாரில் கம்பியின் நீளம் 34 அங்குலமாக, அதாவது 864 மில்லிமீட்டராக அமைந்தது. பின்னர் வந்த பெரும்பாலான பேஸ் கிடார்களும் இதே அளவின. சாதாரணக் கிடாரைவிட இது மூன்றில் ஒரு பங்கே அதிகம். மீதிக் குறையைக் கம்பியின் பருமன் ஈடு செய்கிறது.

பருத்த கம்பியைத் தளராமல் நிறுத்த மிகுந்த இழுவிசை தேவை. நான்கு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமம். வளர்ந்த மனிதர் ஒருவரின் எடையை ஒல்லியான ஒரு மரக்கழுத்து இரவும் பகலும் தாங்கிக் கொண்டிருக்கிறது! பல ஆண்டுகளில் அது முன்புறமாக வில்போல் வளையலாம். இதைத் தடுக்கக் கழுத்தினுள் 'டிரஸ் ராடு' என்னும் எஃகுக் கம்பி புதைக்கப்பட்டுள்ளது. அதன் மரையை முடுக்கினால் கழுத்து நிமிரும். தளர்த்தினால் கம்பிகளின் இழுப்புக்கு இணங்கி வளையும்.

நூல் பிடித்துப் பாருங்கள்

கொத்தனார் நூல் பிடித்துச் சுவரின் நேர்மையைப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். இங்கே கிடாரின் கம்பியே நமக்கு நூல். சுருதி சேர்த்த நிலையில், ஒரு கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ஏழாவது, எட்டாவது மெட்டுகளின் அருகே கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி உள்ளது? ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நன்று. இடைவெளியே இல்லையெனில் கம்பி மெட்டுகளில் உரசி இரையும். ஒரு மில்லிமீட்டருக்கு மேலிருந்தால் கழுத்து மிகுதியாக வளைந்திருக்கிறது.

வளைவு இருப்பதனாலேயே கிடாரை ஒதுக்க வேண்டியதில்லை. மரையில் இன்னும் முடுக்க இடமிருக்கிறதா என்பதே கேள்வி. விற்பவர் முன்னிலையில், அவர் இசைவுடன், கால் சுற்று திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மரை முற்றிலும் இறுகிய பின்னும் வளைவு நீங்கவில்லையென்றால், எத்தனை மலிவாயினும் வேண்டாம். அவ்வாறே, தலைப்பகுதியிலிருந்து கழுத்தின் நெடுகே ஒரு கண்ணால் நோக்குங்கள். கழுத்து முறுக்கிக் கொண்டிருந்தால் டிரஸ் ராடு அதை நேராக்காது.

விரலால் கழுத்தின் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். மெட்டுகளின் நுனிகள் கீறுகின்றனவா? வறண்ட காற்றில் மரம் குறுக்குவாட்டில் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை. கிடார் எத்தகைய இடத்தில் இருந்தது என்பதை இந்த நுனிகள் சொல்லிவிடும்.

எண்பது இடங்கள்

வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுபவை. தேய்ந்தால் மெழுகை இளக்கி மீண்டும் மேளம் கட்டலாம். கிடாரின் மெட்டுகளோ மரத்தில் வெட்டிய பள்ளங்களில் இறுக்கப்பட்டவை. மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை. 20 மெட்டுகள், நான்கு கம்பிகள். ஆக எண்பது இடங்கள். ஒவ்வோரிடத்திலும் அழுத்தி மீட்டிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான். எங்கேனும் ஓரிடத்தில் மட்டும் ஓசை சட்டென அடங்கலாம். கழுத்தின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தோடு ஒத்திசைந்து, கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக் கொள்வதே காரணம். புதிய கிடார்களிலும் இது உண்டு, பழுதன்று.

அடுத்து, பன்னிரண்டாவது மெட்டு. ஒவ்வொரு மெட்டும் அதிர்வெண்ணைச் சுமார் 1.0595 மடங்காக உயர்த்துகிறது. பன்னிரண்டு மெட்டுகளில் அது இருமடங்காகும். அந்த மெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டினால் எழும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் குதிரையில் கம்பி தாங்கியைச் சிறிது பின்னுக்குத் தள்ளினால் சரியாகும். ஆகவே இது விலை பேசவேண்டிய குறையன்று.

உள்ளே ஓடும் மின்சாரம்

கம்பிகளின் கீழே உள்ள 'பிக்கப்' என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய, தலைமயிரைப்போல் மெல்லிய செப்புக்கம்பிச் சுருள். காந்தமேற்ற எஃகுக் கம்பி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் புலம் மாறுகிறது, மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது.

மின்கலம் இல்லாத கிடாரானால், ஒலிக் குமிழை முழுதும் திருப்பி, இணைப்புக் கயிற்றின் முனையில் மல்டிமீட்டரை வைத்து அளக்கலாம். பெரும்பாலும் 7,000 முதல் 12,000 ஓம் வரை காட்டும். மிக மிகப் பெரிய தடை காட்டினால் சுருளோ இணைப்போ அறுந்திருக்கிறது. குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குப் பெரும்பாலும் தூசியே காரணம், எளிதில் தீரும்.

எண்ணும் மரமும்

வரிசை எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். வாங்கிய கதையைக் கேளுங்கள். திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கினாலும் அது உரியவருக்கே சேரும் என்பது பல நாடுகளின் சட்டம். அயல்நாட்டுக்கு விற்பதானால் மரத்தையும் கவனிக்க வேண்டும். பழைய அமெரிக்கக் கிடார்கள் பலவற்றில் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அதன் பன்னாட்டு வாணிகத்தை 'சைட்டீஸ்' உடன்படிக்கை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. சான்றிதழ் இன்றி எல்லை கடக்காது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் அதே பேரினம், அதுவும் விரற்பலகையாகிறது. 2017-இல் அப்பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-இன் இறுதியில், பிரேசில் மரம் நீங்கலாக, முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

விற்பவருக்கும் இதே பாடம்தான். குமிழ்களைச் சுத்தம் செய்யுங்கள். உறுப்பு எதையேனும் மாற்றியிருந்தால் பழையதை எறியாமல் கூடவே கொடுங்கள். டிரஸ் ராடு இனி எவ்வளவு முடுங்கும் என்பதை முன்னதாகச் சொல்லிவிடுங்கள். மறைத்த குறையைக் கம்பியும் மெட்டும் ஐந்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் மெய்யையும் எவரும் நம்பமாட்டார். சொல்லிவிட்ட குறைக்கோ விலையில் சிறிது குறைத்தால் போதும்.