உங்களுக்குத் தெரியுமா? பீடி சுற்றும் விரலும் பச்சைப் பொத்தானும்

● திருநெல்வேலிச் சீமையில் முக்கூடல் என்றாலே பீடிதான். மடியில் சொளவு, அதில் தூள். இலையை அளவாகக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வருஷக்கணக்கில் சுற்றுகிற பெண்கள் பலருக்கு விரல் நுனி தேய்ந்துவிடும். ரேஷன் கடை எந்திரத்தில் அந்த விரலை வைத்தால் ரேகை லேசில் விழாது. சேலையில் துடைத்து, வேறு விரலை வைத்து, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, மறுபடியும் முதலிலிருந்து. கருவிழியைப் பார்க்கும் கருவி பிற்பாடுதான் வந்தது. திண்ணையில் ஒரு மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் சங்கதி இது.

● அப்படி உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே கம்ப்யூட்டர் கம்பெனிகள் மானுடவியலாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. இன்டெல் நிறுவனம் 1998-ல் ஜெனிவீவ் பெல் என்ற ஆஸ்திரேலியரைச் சேர்த்துக்கொண்டது.

● அவருக்கும் முன்னோடி லூசி சூச்மன். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தவர். ‘பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும்’ என்று விளம்பரப்படுத்திய நகலெடுக்கும் எந்திரத்தோடு இரண்டு பேர் மல்லுக்கட்டுவதை 1980-களின் தொடக்கத்தில் படம் பிடித்தார். திணறிய இருவருமே கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள்! அதில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். படிக்காதவர்களுக்குத்தான் எந்திரம் புரியாது என்கிற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

● 1951-52 பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெரும்பாலும் வடமாநிலத்தவர்கள். சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் அம்மா’ என்றே எழுதச் சொன்னதுதான் காரணம். பெயர் கேட்பதற்கும் ஊர்வழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

● எழுதப் படிக்கத் தெரியாத பெங்களூர் வீட்டுவேலைப் பெண்களுக்காக, மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் இந்திராணி மேதி எழுத்தே இல்லாத திரையை வடிவமைத்தார். பாத்திரம் கழுவும் வேலைக்குப் பாத்திரங்களை வரைந்து காட்டினால், ‘இது அடுப்படி’ என்றார்கள். குழாயில் தண்ணீர் ஓடுவதாகக் காட்டியதும் வேலை புரிந்துவிட்டது.

● புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் அலை உயர விவரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்தது. அதை மீனவர்களிடம் சேர்த்தது கம்ப்யூட்டர் திரை இல்லை, கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கி. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வடிவமைப்பு கிடையாது.

● ஒரே செல்போனை வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவதைக் கவனித்த நோக்கியா, 2007-ல் வந்த 1200 மாடலில் ஆளுக்கொன்றாக ஐந்து முகவரிப் பட்டியல் வரை வைத்துக்கொள்ள வழி செய்தது.

● இணையப் படிவங்களில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டாயக் கட்டம் இருக்கிறதல்லவா? பரம்பரைப் பெயர் உள்ள ஊர்க்காரர்கள் போட்டது. நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதான்; அந்தக் கட்டத்துக்காக அதை விரித்து அப்பா பெயரையே எழுதிவிடுகிறோம். அதனால்தான் விமான நிலையத்தில் நம் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நாம் எழுந்து போகிறோம். அடுத்த முறை அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டால் உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். கருத்துச் சொல்ல இடம் கொடுத்திருந்தால், அதில் இரண்டு வரி புகார் எழுதிவிடுங்கள்.