ஃபார்மட் போடும் முன் கணக்கைக் காப்பாற்றுங்கள்

கடைக் கம்ப்யூட்டர் காலையில் எழாமல் நீலத் திரையோடு நின்றுவிட்டால், இன்றைய வணிகருக்குக் கல்லாச் சாவி தொலைந்தது போலத்தான். பில் போட முடியாது. யாரிடம் எவ்வளவு பாக்கி என்று தெரியாது. மாதா மாதம் ஜிஎஸ்டி கணக்குத் தருபவர்களுக்கு 11-ஆம் தேதி வேறு நெருங்கும். சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, "விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் போட்டுடலாம்" என்பார். கடையில் கூட்டம் நிற்கிறதே என்று நாமும் தலையாட்டி விடுகிறோம். பதறிய காரியம் சிதறும்.

விண்டோஸ் என்பது கடைக் கட்டடம். கணக்கு அதனுள் இருக்கும் சரக்கு. ஷட்டர் மாட்டிக்கொண்டால் ஷட்டரைத்தான் பழுது பார்க்கிறோம். சரக்கோடு சேர்த்துக் கடையை இடிப்பதில்லை.

மீனம்பாக்கம் தந்த பாடம்

2024 ஜூலை 19-ஆம் தேதி உலகெங்கும் விமான நிலையங்கள் திணறின. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் மீனம்பாக்கத்திலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் தரப்பட்டது.

இதற்கான மருந்து ஃபார்மட் அல்ல. கம்ப்யூட்டரை 'சேஃப் மோடில்' எழுப்பி, பழுதான ஃபைலை அழித்தால் போதும். ஆனால் 'பிட்லாக்கர்' பூட்டு உள்ள கம்ப்யூட்டர்களில் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பழுது சிறியதுதான், சாவி கையில் இல்லாதவர்களுக்கு அதுவே பெரிய பழுதாயிற்று.

முதல் வேலை கணக்கை வெளியே எடுப்பது

டாலி பிரைமில் கணக்கு வழக்கமாக சி டிரைவில், யூசர்ஸ், பப்ளிக் ஃபோல்டர்களுக்குள் இருக்கும். வேறு பில்லிங் சாஃப்ட்வேர்களில் பல, கணக்கைத் தம்முடைய ஃபோல்டரிலேயே வைத்துக்கொள்ளும். உங்கள் கணக்கு எங்கே இருக்கிறது என்பதை சாஃப்ட்வேர் விற்றவரிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்.

விண்டோஸ் எழாவிட்டாலும் கணக்கு பெரும்பாலும் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி நகல் எடுக்கலாம். டிஸ்க் 'டக் டக்' என்று ஓசை எழுப்பினால் பழுது பார்க்கும் வேலையே கூடாது. விண்டோஸை எழுத எழுத, சாகும் டிஸ்க் சீக்கிரம் சாகும்.

பழுது பார்ப்பு ஏன் பாதியில் நிற்கிறது?

நகல் எடுத்தபின் பழுதுக்கு வருவோம். துவங்கும்போதே இரண்டு மூன்று முறை நின்றால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்', கடைசி அப்டேட்டை நீக்குதல் ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள்.

விண்டோஸ் எழுகிறது, ஆனால் தடுமாறுகிறது என்றால், பழைய விண்டோஸின் மேலேயே புதியதைப் போடும் முறை உண்டு. சாஃப்ட்வேரும் கணக்கும் அப்படியே இருக்கும். இதில் தடங்கல் வரும் இடங்கள் இவை:

1. பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பிச் செய்தால் இந்த வசதி கிடைக்காது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவில் உள்ள 'செட்டப்' ஃபைலைத் திறக்க வேண்டும். சேஃப் மோடிலும் இது நடக்காது.

2. 'ஃபைல்களும் சாஃப்ட்வேர்களும் இருக்கட்டும்' என்ற வரி மங்கலாகத் தெரிந்தால் வகை பொருந்தவில்லை என்று பொருள். ஹோம், புரோ வித்தியாசம் இருக்கலாம். ஆங்கிலத்திலேயே அமெரிக்க வகை, சர்வதேச வகை என இரண்டு உண்டு; அது மாறினாலும் தடைதான். அப்போது தொடராமல் நிறுத்துங்கள்.

3. 80070070 என்ற எண் வந்தால் சி டிரைவில் இடம் இல்லை. 20 ஜிபியாவது காலி செய்யுங்கள்.

4. C1900101 என்ற எண் வந்தால் பெரும்பாலும் டிரைவர் தகராறு. பில் பிரின்டர், பார்கோடு ஸ்கேனர் எல்லாவற்றையும் கழற்றி, வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 'ரீசெட்' செய்யும்போது 'கீப் மை ஃபைல்ஸ்' என்று ஒரு வரி வரும். அதை நம்பி அழுத்தினால் படங்களும் கடிதங்களும் இருக்கும். பில்லிங் சாஃப்ட்வேர் போய்விடும். அதன் ஃபோல்டருக்குள் இருந்த கணக்கும் தப்பும் என்று நம்பக் கூடாது.

சட்டமும் கேட்கிறது

கணக்கு அழிந்தால் நஷ்டம் பாக்கிப் பணம் மட்டுமல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, அந்த ஆண்டின் வருடாந்தரக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்திருப்போர், விபத்து நேர்ந்தாலும் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று 57-ஆவது விதி சொல்கிறது. "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்பது அதிகாரியிடம் எடுபடும் பதில் அல்ல.

நகலும் அதே கடையில் இருந்தால் போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாடு நமக்கெல்லாம் தெரியும். கவுண்டருக்கு அடியில் கம்ப்யூட்டரும் அதன்மேல் பென் டிரைவும் இருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு நகல் கடையில், ஒரு நகல் வீட்டில் என்று பிரித்து வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்போர் மாற்றம் செய்யும் நேரம் இது. அதற்குமுன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிப் பேரேட்டோடு வையுங்கள்: கணக்கு இருக்கும் இடம், சாஃப்ட்வேர் லைசென்ஸ் எண், அதைப் பதிவு செய்த மின்னஞ்சல், பிட்லாக்கர் எண். இரவு கடை கட்டும்போது கல்லாவை எண்ணுகிற கையோடு நகலும் எடுத்துவிட்டால், மறுநாள் காலை நீலத் திரை வந்தாலும் வியாபாரம் நிற்காது.