பூ இருந்த ஊர்

"ஏம்மா, பஸ் போர்டுல பூவிருந்தவல்லின்னு போட்டிருக்கு, நீ பூந்தமல்லிங்கறியே?" என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இரண்டும் ஒரே ஊர்தான். அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயில் தாயாரின் பெயர் புஷ்பவல்லி. அந்தப் 'பூவிருந்தவல்லி'தான் பேச்சில் பூந்தமல்லியாகச் சுருங்கியது என்பார்கள். ஆங்கிலேயர் அதையும் 'பூனமல்லி' ஆக்கிவிட்டார்கள்!

11-ஆம் நூற்றாண்டில், ராமானுஜர் குருவாகப் போற்றிய திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. நந்தவனம் வைத்து, பூத்ததைத் தொடுத்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டு போவாராம். தள்ளாத வயதில் நடக்க முடியாமல் போனபோது, வரதரே இங்கு வந்து காட்சி தந்தாராம்.

இன்று சுற்றிலும் கடைகளும் மாடி வீடுகளும்தான். மொட்டை மாடியில் ஒரு மல்லிகைத் தொட்டியாவது வையுங்கள். பூப்பறிக்கும்போது குழந்தைக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?