ரயிலிலேயே இத்தாலி பார்த்தோம்

“இத்தாலிக்குப் போய் ரயிலில் சுற்றப் போகிறீர்களா? இந்த வயதிலா?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. நமது சங்க அங்கத்தினர்களான நாங்கள் பன்னிரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். சான்டா கிளாராவில் பால் வாங்க வேண்டுமென்றாலும் பிள்ளையோ மாட்டுப்பெண்ணோ காரை எடுத்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட நாங்கள் ரோம், நேபிள்ஸ், பிளாரன்ஸ், வெனிஸ் என்று நான்கு நகரங்களை ரயிலிலேயே பார்த்துவிட்டு சௌக்கியமாகத் திரும்பினோம். அந்த அனுபவத்தை எழுதும்படி நண்பர்கள் வற்புறுத்தியதால் இக்கட்டுரை.

இத்தாலியில் ஒரு பெரிய சௌகரியம், ஸ்டேஷன்கள் ஊருக்கு நடுவிலேயே இருக்கின்றன. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிகள் ரோமிலிருந்து நேபிள்ஸுக்கு சுமார் 70 நிமிஷத்தில் கொண்டு சேர்க்கின்றன. கையில் இருந்த காப்பித் தம்ளர் ஆடக்கூட இல்லை!

ரோமில் எல்லோரும் கொலீசியத்தைப் பார்க்கிறார்கள்; நாங்களும் பார்த்தோம். ஆனால் எங்களைக் கவர்ந்தது பக்கத்திலுள்ள மாக்சென்டியஸ் மண்டபம். அதன் அடியில்தான் அந்தக் காலத்து மிளகுக் கிடங்கு இருந்ததாம். மிளகு போனது நம் மேற்குக் கடற்கரையிலிருந்து. அதற்கு ஈடாக வந்த ரோமானியக் காசுகள் இன்றும் கோயமுத்தூர், கரூர் பக்கங்களில் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கின்றன. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் அங்கலாய்த்து எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து பொம்பெயி நகரம் புதைந்தபோது அவரும் உயிரிழந்தார்.

அந்தப் பொம்பெயிக்குப் போகும்போதுதான் எங்களுக்குச் சோதனை வந்தது. நேபிள்ஸிலிருந்து போகும் சிறிய ரயிலில் நம் தாம்பரம் மின்சார ரயிலைப் போல் கூட்டம். முண்டியடித்து ஏறினோம். கதவு மூடிய பிறகு பார்த்தால், எங்களில் மூத்தவரான மாமி பிளாட்பாரத்திலேயே நிற்கிறார்! அவருடைய செல்போனோ என் பையில். அமெரிக்கா வந்து பதினோரு வருஷத்தில் மாமி தனியாக எங்கும் போனதில்லை. வழி நெடுக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையிலேயே பொம்பெயியில் இறங்கி, அங்கேயே காத்து நின்றோம்.

அடுத்த வண்டி வந்தது. மாமி இறங்கினார். “டிக்கெட் என் கையில்தானே இருந்தது? ஒரு பெண்ணிடம் காட்டி ‘பொம்பெயி’ என்றேன். பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நீங்கள் ஏன் இப்படி நிற்கிறீர்கள்?” என்றார். அப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் நேபிள்ஸ் தொல்பொருள் மியூசியத்தில் ஒரு தந்தச் சிற்பத்தைக் கண்டோம். உயரம் சுமார் 25 சென்டிமீட்டர்தான். 1938-இல் பொம்பெயியில் கிடைத்த இந்தியப் பெண் உருவம் அது. முதலில் லக்ஷ்மி என்றார்கள். யக்ஷியாக இருக்கலாம் என்று இப்போது அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் போகர்தன் என்ற ஊரிலும் இதே சாயலில் ஒரு சிற்பம் கிடைத்திருக்கிறது. மாமி வெகு நேரம் அதன் எதிரில் நின்றார். “இவள் யார் துணையோடு இவ்வளவு தூரம் வந்தாளோ?” என்று மட்டும் கேட்டார்.

பிளாரன்ஸில் இரண்டு நாள் இருந்தோம். அதன் சித்திரங்களைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். வெனிஸுக்குள் ரயில் கடல்மேல் செல்கிறது. அந்தப் பாலம் 1846-இல் திறந்தது. 1914-இல் திறந்த நம் பழைய பாம்பன் பாலத்துக்கும் மூத்தது. இருபுறமும் தண்ணீரைக் கண்டதும் எல்லோருக்கும் ராமேசுவரம் நினைவு. மாமி வழக்கம்போல் சில்லறையைத் தேடினார், ஜன்னல்தான் திறக்கவில்லை!

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள்: போர்ட்டர் கிடைப்பார் என்று நம்ப வேண்டாம், தானே தூக்கக்கூடிய பெட்டி ஒன்று போதும். உள்ளூர் வண்டிகளுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் ஸ்டேஷனிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். நேபிள்ஸ் மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பருப்புப் பொடி கொண்டுபோகலாம். இங்கே வாங்கிய 120 வோல்ட் குக்கர் வேண்டாம். அங்கே மின்சாரம் 230 வோல்ட். எங்களுடைய குக்கர் முதல் நாளே புகைந்துவிட்டது. அவரவர் டிக்கெட்டும் செல்போனும் அவரவர் கையிலேயே இருக்கட்டும்.

நமது சான்டா கிளாரா ஸ்டேஷனில் 1863-இல் கட்டிய மரக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து அங்கே மின்சார ரயில்கள் ஓடுகின்றன. எத்தனையோ தடவை அந்த வழியாகக் காரில் போயிருக்கிறோம், ஒருநாளும் இறங்கியதில்லை. சென்ற வாரம் மாமி டெலிபோன் செய்தார். அங்கே ரயில் ஏறி சான் பிரான்சிஸ்கோ போய்விட்டு வந்தாராம்.

“பிள்ளையிடம் கேட்டீர்களா?” என்றேன்.

“கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போனேன்” என்றார்.