ஃப்ளூ போயும் குமட்டல் போகலையா? கிரிவலம் கிளம்பும் முன் இதை கவனிங்க!

பௌர்ணமிக்கு திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் போகணும். ஃப்ளூ காய்ச்சல் விட்டாச்சு. ஆனா சோற்றைப் பார்த்தாலே குமட்டுதா?

கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் வேதிப்பொருட்கள் பசியையும் அடக்கிவிடும். பசி திரும்ப ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். ஃப்ளூவுக்குத் தரப்படும் ஓசெல்டாமிவிர் மாத்திரையும் குமட்டும். சாப்பாட்டோடு போட்டால் குறையும். நீங்களாகவே பாதியில் நிறுத்தாதீங்க.

பசிக்கட்டும்னு காத்திருக்காம நொய்க்கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என அடிக்கடி கொஞ்சமா சாப்பிடுங்க. சோறு இறங்காவிட்டாலும் தண்ணீர் இறங்கணும். 1 லிட்டர் பாக்கெட் ஓ.ஆர்.எஸ். என்றால் 1 லிட்டர் தண்ணீரில் முழுசா கரைத்து, மடக்கு மடக்கா குடிக்கலாம்.

குடித்த தண்ணீரும் வாந்தியானாலோ, சிறுநீர் குறைந்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்பினாலோ உடனே டாக்டரைப் பாருங்க. கிரிவலமா? அடுத்த பௌர்ணமிக்குப் போகலாம்.