‘நாளைக்குப் பாத்துக்கலாம்’... படிப்பைத் தள்ளிப்போட சோம்பேறித்தனம்தான் காரணமா?

தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட மாணவர், தன்னைத் தானே திட்டிக்கொண்டால் அடுத்த தேர்வுக்கு ஒழுங்காகப் படிப்பாரா? அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது கனடாவில் நடந்த ஓர் ஆய்வு.

ஆய்வில் என்ன தெரிந்தது?

ஒட்டாவாவில் உள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் முதலாமாண்டு மாணவர்கள் 119 பேரிடம், அடுத்தடுத்த இரண்டு தேர்வுகளை வைத்து இந்த ஆய்வு நடந்தது. 2010-ல் முடிவு வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் இழுத்தடித்தாலும், ‘சரி, போனது போகட்டும்’ என்று தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், இரண்டாவது தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்திருந்தது.

ஏன் இப்படி?

தள்ளிப்போடுவது நேரம் சார்ந்த பிரச்னை இல்லை, மனநிலை சார்ந்தது என்கிறார்கள் உளவியல் ஆய்வாளர்கள். புத்தகத்தைத் திறந்ததும் ‘இது நமக்கு வராது’ என்ற பயமோ சலிப்போ வருகிறது. மொபைலை எடுத்தால் அந்த நிமிடமே நிம்மதி. அதாவது, மாணவர் தப்பிக்க நினைப்பது பாடத்திடம் இருந்து அல்ல, அந்த உணர்விடம் இருந்து!

இதில் தன்னையே திட்டிக்கொண்டால், பயத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். புத்தகத்தைப் பார்த்தாலே அது ஞாபகம் வரும். கை மறுபடியும் மொபைலுக்குத்தான் போகும்.

அப்போ, படிக்காமல் இருக்க இது சாக்கா?

இல்லை. தன் மீதே காட்டும் பரிவுக்கு 3 அம்சங்கள் உண்டு என்று 2003-ல் விளக்கினார் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப்.

1. தன்னிடம் கனிவாக இருப்பது.
2. தவறுவது எல்லோருக்கும் நடப்பதுதான் எனப் புரிந்துகொள்வது.
3. ‘மைண்ட்ஃபுல்னெஸ்’. மனதில் ஓடும் உணர்வை மறைக்காமல், ஊதிப் பெரிதாக்காமல், உள்ளபடி கவனிப்பது.

தவறை இல்லை என்று மறைப்பது சாக்கு. ‘ஆமா, தள்ளிப்போட்டேன்’ என்று ஒப்புக்கொண்டு, மறுபடி உட்காருவதுதான் பரிவு.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

* மொபைலை எடுக்கும் முன் ஒரு நிமிடம் நின்று, ‘இப்போ எனக்குள்ள என்ன ஓடுது? பயமா, சலிப்பா?’ என்று கவனியுங்கள்.
* இதே நிலையில் இருக்கும் நண்பரிடம் என்ன சொல்வீர்களோ, அதையே உங்களிடமும் சொல்லுங்கள்.
* ‘இன்னைக்கே யூனிட் முழுக்க’ என்று வேண்டாம். ஒரு பக்கத்தில் தொடங்குங்கள்.

பல வாரங்களாகத் தூக்கமின்மை, பதற்றம், எதிலும் பிடிப்பில்லாத நிலை தொடர்ந்தால், அதை வெறும் தள்ளிப்போடுதல் என்று விட்டுவிட வேண்டாம். கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.