காசு வித்தையில் இரண்டாம் படி

வலக்கையிலுள்ள நாணயத்தை இடக்கையில் வைப்பதுபோலக் காட்டி, வலக்கையிலேயே மறைத்துக்கொள்ளப் பழகிவிட்டான் ஒரு மாணவன். ஒரு மாத உழைப்பு. ஒருநாள் மாலை வீட்டார் முன்னிலையில் அதைச் செய்து காட்டுகிறான். இடக்கையை விரிக்கிறான், வெறுங்கை! ஆனால் கடைக்குட்டித் தங்கையோ, "அந்தக் கையையும் காட்டு, அண்ணா!" என்கிறாள். அத்துடன் வித்தை முடிந்தது.

மாணவ நண்பர்களே! பலர் இந்த இடத்திலேதான் மனம் தளர்ந்துவிடுகின்றனர். வேறு சிலர், புதிதாகப் பத்து வித்தைகளைத் தேடிப் புறப்படுகின்றனர். இரண்டும் பிழையே. அம்மாணவனுக்கு வேண்டுவது இன்னொரு வித்தை அன்று. கற்ற வித்தையிலேயே ஆழ்ந்த தேர்ச்சி. காசை மறைக்கக் கற்பது முதற்படி. மறைக்கிறோம் என்பதையே மறைக்கக் கற்பது இரண்டாம் படி.

அதற்கு வழி யாது? முதலில், காசை உண்மையாகவே இடக்கையில் பத்து முறை வைத்துப் பாருங்கள். கை எவ்வளவு வேகமாகச் செல்கிறது, கொடுத்த கை பிறகு எங்கே தங்குகிறது, கண் எதைத் தொடர்கிறது என்பவற்றைக் கவனியுங்கள். பதினோராம் முறை, வைப்பதுபோல நடியுங்கள். வேறுபாடு உடனே புலப்படும். இப்போது கை விரைகிறது, கட்டைவிரல் விறைக்கிறது, கண் காசுள்ள கைக்கே ஓடுகிறது. தங்கை கண்டது காசை அன்று, இந்த வேறுபாட்டையே. பொய்ச்செயல் மெய்ச்செயலைப் போலவே ஆகும்வரை பழகுவதுதான் பயிற்சி.

இரண்டாவது, கையின் இயல்பு. கட்டைவிரலின் அடிச்சதைக்கும் எதிர்ப்பக்கத்துச் சதைக்கும் இடையே காசைப் பற்றிக்கொள்வது பலரும் அறிந்த முறை. பிடி இறுகினால் விரல்கள் மரக்கிளைபோல் நிற்கும். ஆகவே, காசை அவ்வாறு பற்றியபடியே ஏடு புரட்டுங்கள், குவளையை எடுங்கள், நண்பரோடு உரையாடுங்கள். 1805-இல் பிரான்சில் பிறந்து, கடிகாரத் தொழிலிலிருந்து வித்தைக்கு வந்து புகழ்பெற்றவர் ராபேர் ஊதேன். அவர் வெளியே நடந்து செல்லும்போதும், அங்கிப் பைகளுக்குள் கைகளை விட்டுக் காசும் சீட்டும் கொண்டு பழகுவாராம். கையை மனம் மறந்திருக்கும்போதும் கை தன் வேலையைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, பார்வை. குஸ்டாவ் கூன், மைக்கேல் லாண்ட் என்னும் ஆய்வாளர் இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். வித்தைக்காரர் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறார். இறுதியில் எறிவதுபோல மட்டும் காட்டி, பந்தைக் கையிலேயே மறைக்கிறார். அவர் பார்வை மேலே சென்றபோது, கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர், பந்தும் மேலே சென்றதாகவே நம்பினர். பார்வை கையிலேயே நின்றபோது, அவ்வாறு நம்பியோர் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே. ஆகவே, காசு எங்கே இருப்பதாகப் பிறர் நம்ப வேண்டுமோ, அங்கே முதலில் நீங்கள் நோக்குங்கள்.

நான்காவது, காரணம். காரணமின்றி ஒருவர் காசைக் கைமாற்றினால் ஐயம் பிறக்கும். வலக்கைக்கு வேறொரு வேலை இருந்தாலோ எவரும் ஐயுறார். "பென்சிலால் தட்டினால் காசு மறையும்" என்று கூறி, பென்சிலை எடுப்பதற்காகவே காசை இடக்கைக்கு மாற்றுவதாகக் காட்டுங்கள். வலக்கை பென்சிலுக்காகப் பைக்குள் செல்லும்போதே காசு அங்கே தங்கிவிடும். இடக்கையைத் தட்டுங்கள், மெல்ல விரியுங்கள். இப்போது தங்கை, "அந்தக் கையையும் காட்டு" என்றால், மகிழ்ச்சியோடு காட்டலாமே!

சில அசைவுகளைச் செம்மைப்படுத்தியே பெரும்புகழ் பெற்றோர் உண்டு. அமெரிக்காவில் ரயில்வே தந்தி ஊழியராக இருந்த நெல்சன் டவுன்ஸ், 1899-இல் லண்டன் அரங்கில் தோன்றினார். வெறும் காற்றிலிருந்து காசுகளைப் பறித்துத் தொப்பிக்குள் போடும் "கருமியின் கனவு" என்னும் ஆட்டமே அவருக்குப் பெயர் தந்தது. தொப்பிக்குள் காசு விழும் ஓசை, கண்டதைக் காதும் நம்பச் செய்தது.

இறுதியாக ஒன்று. வித்தைக்காரன் ஏமாற்றுவான் என்று அறிந்தே அவையோர் அமர்கின்றனர்; அந்த உடன்பாடே இக்கலைக்கு அறம். அவ்வுடன்பாடு இல்லாத இடத்தில், கடையிலோ பந்தயத்திலோ, இதே கைத்திறன் வெறும் களவாகிவிடும். கற்ற கை அதனை மறவாதிருக்கட்டும்.